ஜி.பி.ஏ. குறைவாக இருக்கும்போது அமெரிக்காவில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

அமெரிக்காவில் பல் மருத்துவப் படிப்பில் இடம் பிடிப்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ., அதாவது 4.0-ஐ உச்சமாகக் கொண்ட கல்லூரி மதிப்பெண் சராசரி, 3.6-ஐ ஒட்டி இருக்கிறது. 3.2-க்குக் கீழே இருக்கும் மாணவரும் அவர் வீட்டாரும் முதலில் கேட்பது, "எந்த காலேஜில் ஈஸியாகக் கிடைக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஒரே 3.1 வட கரோலினாவில் குடியிருப்பவருக்கு நல்ல வாய்ப்பாக இருக்கும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு உள்ளூர் அரசுக் கல்லூரியில் அநேகமாக ஒன்றுமே நடக்காது. எழுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் உங்களுக்கு உரியவை எவை என்பதை முடிவு செய்வது மூன்று விஷயங்கள்: சட்டப்படி நீங்கள் எந்த மாநிலத்தவர், உங்கள் ஜி.பி.ஏ. எந்த வழியாகக் குறைந்தது, நான்கு ஆண்டுச் செலவை யார் தரப்போகிறார்கள். பட்டியல் போடுவது இவற்றுக்குப் பிறகுதான்.

உங்கள் உண்மையான எண்

கல்லூரி மதிப்பெண் சான்றிதழில் அச்சாகியிருக்கும் ஜி.பி.ஏ.வை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆட்சாஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் போக வேண்டும். அது எல்லாப் பாடங்களையும் தன் அளவுகோலில் மறுபடி கணக்கிடுகிறது. ஒரு பாடத்தில் தோற்று, திரும்ப எழுதி 'ஏ' வாங்கியிருந்தால், உங்கள் பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை அழித்திருக்கலாம். ஆட்சாஸ் அழிக்காது. நான்கு கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) வேதியியலில் முதலில் 'எஃப்', பிறகு 'ஏ' என்றால் அங்கே அது எட்டு கிரெடிட்டுக்கு 2.0. சான்றிதழில் 3.2 என்று இருப்பவர் ஆட்சாஸ் கணக்கில் 2.95 ஆகிப்போவது இப்படித்தான். விண்ணப்பித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது மிகத் தாமதம்.

ஆட்சாஸ் தரும் எண்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று மொத்த ஜி.பி.ஏ. மற்றது பி.சி.பி. ஜி.பி.ஏ., அதாவது உயிரியல், வேதியியல், இயற்பியல் மட்டும். இரண்டையும் நீங்களே ஒரு விரிதாளில் போட்டுப் பாருங்கள். ஆண்டை செமஸ்டருக்குப் பதில் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் படித்திருந்தால் அந்த கிரெடிட்டுகளை மூன்றில் இரண்டாக மாற்ற வேண்டும். பாஸ்-ஃபெயில் பாடங்களும், இடையில் விலகிய 'டபிள்யூ'வும் கணக்கில் வராது. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்த பாடங்களுக்கும் ஆட்சாஸ் ஜி.பி.ஏ. போடாது. சென்னையில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களிடம் பல கல்லூரிகள் அமெரிக்காவிலேயே படித்த கணிசமான கிரெடிட்டுகளைத் தனியாகக் கேட்கும். பழைய மதிப்பெண் சுமை இல்லாமல் இங்கே புதிதாகத் தொடங்குவது அவர்களுக்கு ஒரு வசதியும் கூட.

அடுத்து, எண்ணை எவ்வளவு உயர்த்த முடியும் என்ற கணக்கு. 120 கிரெடிட்டில் 2.9 வைத்திருப்பவர் மேலும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினால் மொத்தம் 3.12 ஆகும். 60 கிரெடிட் படித்தாலும் 3.27-தான். இரண்டு ஆண்டு உழைப்புக்கு இது சோர்வூட்டும் எண். ஆனால் அதே 30 கிரெடிட்டும் அறிவியல் பாடமாக இருந்து, முன்பு பி.சி.பி.யில் 50 கிரெடிட்டுக்கு 2.7 இருந்திருந்தால், அது 3.19 ஆகிவிடும். மொத்த எண் அசைய மறுத்தாலும் அறிவியல் எண் அசையும். கூடவே, 'கடைசி 30 கிரெடிட்டில் 4.0' என்ற வரியும் விண்ணப்பத்தில் தெரியும். சேர்க்கைக் குழு அதை நிச்சயம் பார்க்கும்.

குறைவு எப்படி வந்தது என்பதும் முக்கியம். முதல் ஆண்டில் 2.3 வாங்கி, பிறகு ஆண்டுக்காண்டு ஏறி, கடைசியில் 3.8 வாங்கியவரின் 3.1-உம், நான்கு ஆண்டும் 3.1-இலேயே நின்றவரின் 3.1-உம் ஒன்றல்ல. முதலாமவர் இந்த ஆண்டே துணிந்து விண்ணப்பிக்கலாம். இரண்டாமவர் எவ்வளவு நல்ல பட்டியல் போட்டாலும் பணம் வீணாகும். அவருக்கு இப்போது தேவை இன்னொரு ஆண்டுப் படிப்பு. மூன்றாவதாக, இறங்குமுகமாக முடிந்தவர். அவருக்கும் காத்திருப்பதுதான் வழி.

சொந்த மாநிலத்து அரசுக் கல்லூரி

ஜி.பி.ஏ. குறைந்தவருக்கு முதல் வாய்ப்பு பெரும்பாலும் இதுதான். கட்டணமும் குறைவு, போட்டியும் பெரும்பாலும் அந்த மாநிலத்தவரோடுதான். கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி வட கரோலினாவாசிகளை மட்டுமே சேர்க்கிறது. கிராமப்புறங்களுக்குப் பல் மருத்துவர்களை உருவாக்குவதுதான் அதன் நோக்கம். கிராமத்தில் வளர்ந்தவர், இலவச மருத்துவ முகாம்களில் நீண்டகாலம் உழைத்தவர் என்றால் அங்கே 3.2 என்பது கதையின் முடிவல்ல. ஜார்ஜியா, மிசிசிப்பி மாநிலக் கல்லூரிகளும் பெரும்பாலும் தங்கள் மாநிலத்தவருக்கே இடம் தருகின்றன. வெளியூர்க்காரர் அங்கே விண்ணப்பக் கட்டணம் கட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது போல.

டெக்சாஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டாலஸ், எல் பாசோ என நான்கு ஊர்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள். 90 சதவீத இடம் டெக்சாஸ்வாசிகளுக்கு. டி.எம்.டி.சாஸ் என்ற தனி விண்ணப்பத்தில் ஒரே கட்டணத்தில் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். 'அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்ற சட்டமும் அங்கே உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் படித்த பாடங்களைச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டெக்சாஸ்வாசி ஒருவர் கேட்கலாம். பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை மட்டும் விடமுடியாது. பத்தாண்டுக்கு முந்தைய எல்லாமே போகும், அதில் வாங்கிய பட்டமும் சேர்த்து. அடிப்படைப் பாடங்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். பதினெட்டு வயதில் தடுமாறி, முப்பதில் திரும்பி வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெங்கும் கிடைப்பதரிது.

சொந்த மாநிலம் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுக் கல்லூரிகளான சான் பிரான்சிஸ்கோவும் லாஸ் ஏஞ்சலஸும் நாட்டிலேயே கடும் போட்டி உள்ளவை. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைக்கு 3.1 என்றால் 'ஊரிலேயே கிடைக்கும்' என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். நியூ ஜெர்சியில் இருப்பது ஒரே ஒரு கல்லூரி, ரட்கர்ஸ்.

பல் மருத்துவக் கல்லூரியே இல்லாத மாநிலத்தவருக்கு வேறொரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐடஹோ மாநிலம் ஒமாஹாவில் உள்ள கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு எட்டு இடங்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. டெலவேருக்கு ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிளுடனும், கான்சஸுக்கு மிசூரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்துடனும் ஏற்பாடு உண்டு. மொன்டானா, நியூ மெக்சிகோ போன்ற மேற்கு மாநிலங்களுக்கு வைச்சி என்ற கூட்டமைப்பு வேறு மாநிலக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகிறது. இவற்றில் போட்டி சில டஜன் பேரோடுதான். நாடு முழுவதோடும் அல்ல.

மாநிலத்தை மாற்றிக்கொள்ளலாமா? முடியும், ஆனால் பெரும்பாலான இடங்களில் 12 மாதம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அதுவும் படிப்புக்காக மட்டும் வந்ததாக இருக்கக்கூடாது. வேலை, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு எல்லாம் அந்த மாநிலத்தில் இருக்க வேண்டும். பெற்றோரின் வரிக் கணக்கில் நீங்கள் சார்ந்தவராக இருந்தால் அவர்கள் வசிக்கும் மாநிலம்தான் உங்கள் மாநிலம். எப்படியும் ஓர் ஆண்டு இடைவெளி எடுத்து டென்டல் அசிஸ்டன்டாக வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், எந்த மாநிலத்தில் பார்ப்பது என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

மாநில எல்லை பார்க்காத தனியார் கல்லூரிகள்

மிட்வெஸ்டர்னின் இல்லினாய், அரிசோனா வளாகங்கள், ஃபுளோரிடாவில் நோவா சவுத்ஈஸ்டர்ன், நியூயார்க் பல்கலைக்கழகம், டூரோ, டஃப்ட்ஸ், பாஸ்டன், டெட்ராய்ட் மெர்சி, கிரெய்ட்டன், யூட்டாவின் ரோஸ்மன், கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன், மெய்ன் மாநிலத்தின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம் எல்லாம் நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுப்பவை. சொந்த மாநிலம் உதவாதவரின் பட்டியல் பெரும்பாலும் இவற்றால்தான் நிரம்பும். ஆனால் இவற்றை எல்லாம் ஒரே பையில் போட வேண்டாம்.

நியூயார்க் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 350-க்கு மேல் மாணவர்களைச் சேர்க்கும் மிகப் பெரிய கல்லூரி. இடம் அதிகம் என்பதால் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பமும் அதே அளவுக்குக் குவிகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஃபுளோரிடாவின் பிராடன்டனில் உள்ள லீகாம், சிறு குழுக்களாக உட்கார்ந்து நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தேடிப் படிக்கும் முறையைப் பின்பற்றுகிறது. விரிவுரை கேட்டுப் படித்தே பழகியவருக்கு அது பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் பசிபிக் பல்கலைக்கழகத்தின் டூகோனி கல்லூரி மூன்றே ஆண்டில் பட்டம் தருகிறது. வாழ்க்கைச் செலவில் ஓர் ஆண்டு மிச்சம், ஆனால் வேகம் கடுமை. ஏற்கெனவே பாடச் சுமையில் திணறியவருக்கு அதை நான் முதலில் சொல்லமாட்டேன்.

ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகத்தின் அரிசோனா, மிசூரி கல்லூரிகள் வேறு வகை. ஏழை மக்களுக்கான சமூக மருத்துவ மையங்களில் மாணவர்களைப் பயிற்றுவிப்பது அவற்றின் அடையாளம். நூற்றுக்கணக்கான மணி நேரம் தொண்டு செய்தவரின் 3.1 அங்கே கவனம் பெறும். தொண்டு என்று எழுத ஒரே ஒரு வாரக் கடைசி முகாம் இருப்பவரின் 3.4 கவனம் பெறாது. நாஷ்வில்லின் மெஹாரியும் வாஷிங்டனின் ஹோவர்டும் கறுப்பின மக்களுக்கும் மருத்துவ வசதி எட்டாத மக்களுக்கும் பணியாற்றவென்றே வரலாற்றில் எழுந்தவை. எல்லா இனத்தவரும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் சராசரி எண்ணைப் பார்த்து, அந்த நோக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் விண்ணப்பிப்பது அவர்களுக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் பலனில்லை.

கல்லூரியைச் சலிக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள், அடிமட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கமான ஆடியா வெளியிடும் கல்லூரி வழிகாட்டியில் சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ. வீச்சு, வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பவை உண்டு. வெளிமாநிலத்தவர் இரண்டாயிரம் பேர் விண்ணப்பித்து ஐந்து பேர் சேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வீச்சின் கீழ்முனையில் 2.8 என்று ஓர் எண்ணைக் கண்டதும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். அது அந்தக் கல்லூரியின் சொந்த முதுகலைப் படிப்பில் தன்னை நிரூபித்த ஒரே ஒரு மாணவராக இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு மாணவர்கள் எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று கிடைத்தால் அதுதான் நம்பத்தக்க அளவு.

பணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நான்கு கேள்விகள் போதும். விண்ணப்பங்களின் முதல் வடிகட்டலில் மொத்த ஜி.பி.ஏ.வைப் பார்க்கிறீர்களா, பி.சி.பி.யைப் பார்க்கிறீர்களா? குறைந்தபட்ச எண் ஏதும் உண்டா? பட்டத்துக்குப் பிந்தைய பாடங்களைத் தனியாகப் பார்ப்பீர்களா? கம்யூனிட்டி காலேஜ் (ஈராண்டுக் கல்லூரி) அறிவியல் பாடங்களை ஏற்பீர்களா? பல கல்லூரிகளில் முதல் வடிகட்டலைச் செய்வது கணினி. அதில் வைத்திருக்கும் குறைந்தபட்ச எண் என்ற கோட்டுக்குக் கீழே விழுந்தால் உங்கள் கட்டுரையை யாரும் படிக்கமாட்டார்கள்.

புதிய கல்லூரிகள்

கடந்த சில ஆண்டுகளில் டென்னசியில் லிங்கன் மெமோரியல், மிசூரியின் ஜாப்ளினில் கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகம், வட கரோலினாவில் ஹை பாயின்ட், ஆர்கன்சாவில் லயன் காலேஜ் எனப் பல கல்லூரிகள் திறந்திருக்கின்றன. முதல் சில மாணவர் அணிகளுக்கு விண்ணப்பம் செய்வோர் குறைவாக இருப்பதால் குறைந்த ஜி.பி.ஏ.காரர்களுக்கு இவை நல்ல வாய்ப்பு.

முதல் அணி பட்டம் பெறும்வரை இவற்றின் அங்கீகாரம் 'தொடக்க அங்கீகாரம்' என்ற நிலையில் இருக்கும். அது போலி அல்ல. அதில் படித்துத் தேர்ச்சி பெற்றவர் உரிமத் தேர்வு எழுதலாம். கவனிக்க வேண்டியது வேறு. மருத்துவமனைப் பிரிவுக்கு நோயாளிகள் போதுமான அளவில் வருகிறார்களா? ரூட் கெனால், பற்கட்டு, பிடுங்கல் போன்றவற்றில் எத்தனை செய்தால் பட்டம்? பேராசிரியர்கள் முழுநேரமா? இன்டர்வியூ நாளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். நோயாளி கிடைக்காமல் தன் எண்ணிக்கையை முடிக்க முடியாத மாணவர் பட்டத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஓர் ஆண்டு பொறுத்தால்

பி.சி.பி. 3.0-க்குக் கீழே இருந்தால், பெரும்பாலானோருக்கு இந்த ஆண்டு விண்ணப்பிப்பதைவிட அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதே நல்லது. எதைப் படிப்பது என்பதில்தான் குழப்பம். பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடங்கள் ஒரு வழி. இதை போஸ்ட்-பேக் என்பார்கள். உயிரிவேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உடற்கூறியல், திசுவியல், நோயெதிர்ப்பியல் என மேல்நிலைப் பாடங்களை நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 24 முதல் 30 கிரெடிட் வரை எடுப்பது. இவை இளநிலை ஜி.பி.ஏ.விலேயே கலக்கும். உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எடுத்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

மற்ற வழி, பல் மருத்துவ மாணவர்களின் பாடத்தை ஒத்த ஓராண்டு முதுகலை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் வாய்நல அறிவியல் முதுகலை, மிட்வெஸ்டர்ன், பேரி பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ அறிவியல் முதுகலை ஆகியவை எடுத்துக்காட்டுகள். இந்த மதிப்பெண் முதுநிலை என்று தனியாக நிற்கும். இளநிலை எண்ணை ஒரு புள்ளிகூட நகர்த்தாது. கோட்டுக்குக் கீழே இருப்பதால் கணினியே ஒதுக்கும் ஒருவருக்கு இது உதவாமல் போகலாம். மாறாக, 150 கிரெடிட்டுக்கு மேல் சேர்ந்து எண் இறுகிப்போனவருக்கு போஸ்ட்-பேக்கால் பலன் சொற்பம். அவருக்கு முதுகலைதான், அதிலும் அதே பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் முதுகலை.

முதுகலையின் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே 3.7 வாங்கினால் பழைய எண்ணுக்கு விடை சொன்னதாகிறது. 3.1 வாங்கினால், 'கஷ்டமான பாடத்தில் இவரால் முடியாது' என்பதற்கு நீங்களே சான்று தந்ததாகிறது. செலவு பல்லாயிரம் டாலர். வேலை பார்த்துக்கொண்டே, ஒரு மணி நேரம் பயணம் செய்துகொண்டே இதைப் படிக்க நினைக்க வேண்டாம். முன்பு மதிப்பெண் சரிந்ததற்குக் காரணமாக இருந்த சூழ்நிலை, அது வேலையோ உடல்நலமோ குடும்பப் பாரமோ, இன்னும் அப்படியே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுச் சேருங்கள்.

பல் மருத்துவச் சேர்க்கைக்கான டி.ஏ.டி. தேர்வைப் பற்றியும் ஒரு சொல். 2025 மார்ச் முதல் மதிப்பெண் 200 முதல் 600 வரையான புதிய அளவில் வருகிறது. அதற்கு முன் 1 முதல் 30. பல கல்லூரிகளின் பக்கங்களில் இன்னும் பழைய எண்களே இருக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையை வைத்து மாற்றிப் பாருங்கள். சேருபவர்களின் சராசரி பழைய அளவில் 20-ஐ ஒட்டியது. ஜி.பி.ஏ. குறைந்தவர் அதற்கு மேலே குறிவைக்க வேண்டும், குறிப்பாக அறிவியல் பகுதியில். மொத்தச் சராசரி நன்றாக இருந்து, உயிரியலும் கரிம வேதியியலும் மட்டும் தாழ்ந்திருந்தால், கல்லூரி மதிப்பெண் சொன்னதையே தேர்வும் திருப்பிச் சொன்னதாகிவிடும். நல்ல டி.ஏ.டி. ஒரு மோசமான பி.சி.பி.யை அழிக்காது, ஏறுமுகமான பி.சி.பி.யை உறுதிப்படுத்தும்.

இந்தியாவில் பி.டி.எஸ். படித்துத் திரும்புவது

தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு கட்டாயம் எழும். நீட் தேர்வு அமெரிக்கக் கல்லூரி ஜி.பி.ஏ.வைப் பார்க்காது என்பது உண்மை. ஆனால் என்.ஆர்.ஐ. இடத்துக்கும் நீட் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக ஐந்து ஆண்டு. திரும்பி வந்தால் பெரும்பாலான மாநிலங்களில் நேராக உரிமம் கிடைக்காது. ஐ.என்.பி.டி.இ. என்ற அமெரிக்கப் பல் மருத்துவ உரிமத் தேர்வில் தேறி, கேப்பிட் என்ற விண்ணப்பச் சேவை வழியாக, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இரண்டு முதல் மூன்று ஆண்டு படிக்க வேண்டும். அந்த இடங்கள் மிகக் குறைவு. உலகெங்கிலும் இருந்து அனுபவமுள்ள பல் மருத்துவர்கள் அதற்குப் போட்டியிடுகிறார்கள். பல இடங்களில் பிளாஸ்டிக் பல்லில் செய்துகாட்டும் பெஞ்ச் தேர்வும் உண்டு. கட்டணமும் மற்ற மாணவர் கட்டணத்துக்குக் குறைந்ததல்ல.

கையில் அமெரிக்க இளநிலைப் பட்டம் இருக்கும் 22 வயதுக்காரருக்கு இது ஏழெட்டு ஆண்டுப் பாதை. ஓராண்டு போஸ்ட்-பேக்கும் நான்காண்டு பல் மருத்துவமும் சேர்ந்து ஐந்துதான். எனவே அவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இந்தியாவிலேயே தொழில் செய்யத் தயாராக இருப்பவருக்கு மட்டும் இது வேறு கணக்கு.

யார் பணம் தருவது

2026 ஜூலை 1 முதல் கணக்கே மாறிவிட்டது. முன்பு கிராட் பிளஸ் கடனில் கல்லூரி சொல்லும் முழுச் செலவையும் அரசிடமே கடன் வாங்கலாம். புதிதாகக் கடன் வாங்குபவருக்கு அந்தத் திட்டம் இனி இல்லை. தொழிற்படிப்பு மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். பெருநகரத் தனியார் கல்லூரிகளில் வாடகை, கருவிகள் உட்பட ஆண்டுச் செலவு 1,30,000 டாலரையும் தாண்டும். அப்படியானால் ஆண்டுக்கு 80,000 டாலர், நான்காண்டில் 3,20,000 டாலர் வெளியிலிருந்து வர வேண்டும். தனியார் வங்கிக் கடனுக்கு நல்ல கிரெடிட் வரலாறு உள்ள ஒருவர் இணைக் கையெழுத்து போட வேண்டியிருக்கும்; வருமானத்துக்கேற்பத் தவணை குறையும் வசதி அதில் கிடையாது.

குறைந்த ஜி.பி.ஏ.காரருக்கு எளிதில் கிடைக்கக்கூடியதாகச் சொல்லப்படும் கல்லூரிகளில் பலவும் இந்த விலையுயர்ந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே, இடம் கிடைத்தால் உண்மையில் சேர முடியுமா என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஓராண்டு காத்திருந்து சொந்த மாநிலத்தில் இடம் பிடிப்பது, காத்திருக்காமல் விலையுயர்ந்த இடத்தில் சேருவதைவிடப் பல குடும்பங்களுக்கு லாபம். குடியுரிமை உள்ளவர்களுக்கு ராணுவத்தின் ஹெச்.பி.எஸ்.பி., தேசிய சுகாதாரச் சேவைப் படை ஆகிய உதவித்தொகைகள் உண்டு. படிப்புச் செலவை ஏற்று, பிறகு பணியாற்றச் சொல்வார்கள். அவற்றிலும் போட்டி கடுமையானது. அதை நம்பி மட்டும் திட்டம் போட வேண்டாம்.

விசாவில் இருப்பவர்களின் நிலை இன்னும் இறுக்கம். வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான ஹெச்-4 விசாவில் வளர்ந்து, 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளைகளுக்கு அரசுக் கடன் கிடையாது. அரசுக் கல்லூரிகளில் பல குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். பாஸ்டன், நியூயார்க், டஃப்ட்ஸ், கேஸ் வெஸ்டர்ன் போன்ற தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரை ஏற்கின்றன. இவர்கள் தங்கள் பட்டியலை இந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பட்டியலும் காலமும்

ஆட்சாஸ் விண்ணப்பம் மே நடுவில் திறக்கும். ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கலாம். சரிபார்க்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கல்லூரிகள் வந்த வரிசையில் பார்த்து இன்டர்வியூவுக்கு அழைக்கின்றன, டிசம்பர் நடுவில் இடம் தரத் தொடங்குகின்றன. 3.8 உள்ளவர் செப்டம்பரில் அனுப்பித் தப்பித்துவிடலாம். 3.1 உள்ளவர் ஜூனில் அனுப்பியாக வேண்டும். டி.ஏ.டி. மதிப்பெண், அறிவியல் பேராசிரியர் இருவரின் கடிதம், பல் மருத்துவர் ஒருவரின் கடிதம், 100 மணி நேரமாவது பல் மருத்துவரோடு இருந்து கவனித்த பதிவு எல்லாம் மே மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். கட்டுரைக்கு 4,500 எழுத்துக்கள் மட்டுமே. அதில் மதிப்பெண் குறைந்த காரணத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். மீதியை என்ன செய்து மீண்டீர்கள் என்பதற்குக் கொடுங்கள்.

எத்தனை கல்லூரி? 12 முதல் 15. கட்டணம் முதல் கல்லூரிக்குச் சுமார் 260 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் சுமார் 115. கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் இரண்டாம் கட்ட விண்ணப்பக் கட்டணத்தையும் சேர்த்தால் 15 கல்லூரிக்கு 3,000 டாலர் வரை ஆகிவிடும். பென்சில்வேனியாவாசி, மொத்தம் 3.1, பி.சி.பி. 2.95, கடைசி 45 கிரெடிட் 3.7 என்று வைத்துக்கொள்வோம். முதலில் டெம்பிள், பிட்ஸ்பர்க். சொந்த மாநிலத்தவருக்கு அங்கே கட்டணம் குறைவு. பிறகு லீகாம், டெட்ராய்ட் மெர்சி, மிட்வெஸ்டர்ன் இரண்டும், நோவா, டூரோ, நியூ இங்கிலாந்து. புதிய கல்லூரிகளில் இரண்டு. தொண்டுப் பதிவு கனமாக இருந்தால் மட்டும் ஏ.டி. ஸ்டில். டெம்பிள் இருக்கும் அதே ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென் பல்கலைக்கழகம் வேண்டாம். ஹார்வர்டு, கொலம்பியா, கலிஃபோர்னியா அரசுக் கல்லூரிகள் வேண்டாம். டெக்சாஸ், ஜார்ஜியா, மிசிசிப்பி அரசுக் கல்லூரிகள் வேண்டவே வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் படிக்கும் பாடங்களின் மதிப்பெண்ணை டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஆட்சாஸில் புதுப்பிக்கலாம். ஏறுமுகத்தில் இருப்பவர் இதைத் தவறவிடக்கூடாது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரை அந்தப் புதிய 'ஏ'க்கள் நகர்த்தலாம்.

பிப்ரவரி முடிந்தும் இன்டர்வியூ அழைப்பு ஒன்றுகூட வரவில்லை என்றால், மார்ச்சில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதி என்ன குறை என்று கேளுங்கள். பல அலுவலகங்கள் பதில் தரும். இரண்டு மூன்று இடங்களில் ஒரே குறையைச் சொன்னால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதே விண்ணப்பத்தை அப்படியே ஜூனில் திரும்ப அனுப்பாதீர்கள். முன்பு விண்ணப்பித்தது அவர்களுக்குத் தெரியும், என்ன மாறியது என்று கேட்பார்கள். குறை பி.சி.பி. என்றால் கோடைப் பருவப் பாடப் பதிவு ஏப்ரலில் தொடங்கிவிடும். உயிரிவேதியியலிலும் உடலியங்கியலிலும் இடம் நிரம்புவதற்குள் பதிந்துவிடுங்கள்.